முட்டுக்கட்டை யார் கையில்? போருக்கு முந்தைய ஜப்பானில் படை அதிகாரிகள் பிரதமரான விதம்

1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்தபோது, நேதாஜியோடு நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டவர் ஜப்பானியப் பிரதமர் தோஜோ ஹிதெகி. மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதால் தோஜோ என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. அவர் பிரதமர். அதே சமயம் பணியில் இருந்த ராணுவ ஜெனரல்.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு பலரும் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, "ஜப்பானில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது." இன்னொன்று, "தோஜோ ஜப்பானின் ஹிட்லர்." இரண்டுமே நடந்ததோடு பொருந்தவில்லை. அங்கே ராணுவப் புரட்சி எதுவும் வெற்றி பெறவில்லை. பிரதமரான ஒவ்வொரு ஜெனரலும் அட்மிரலும் சட்டப்படி, பேரரசரின் நியமனத்தோடு, முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள். நாடாளுமன்றம் கூடிக்கொண்டுதான் இருந்தது. 1937-லும் 1942-லும் பொதுத்தேர்தல்கூட நடந்தது. அப்படியானால் படை அதிகாரிகளிடம் ஆட்சி எப்படிப் போனது? விடை யாருடைய துப்பாக்கியிலும் இல்லை, அரசாங்கம் அமைக்கும் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகள் புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஒரு சிறு குறிப்பு: இந்தக் கட்டுரையில் "ராணுவம்" என்றால் தரைப்படை மட்டும். கடற்படை தனி. ஜப்பானில் இரண்டும் தனித்தனி அமைச்சகங்கள், கிட்டத்தட்ட தனித்தனி நாடுகள் மாதிரி. ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும்.

முதலில் கணக்கு

1885 டிசம்பரில் ஜப்பானில் அமைச்சரவை முறை வந்தது. அன்று முதல் 1945 ஆகஸ்டில் சரணடையும் வரை 29 பேர் பிரதமராக இருந்தார்கள். அதில் 15 பேர் படை அதிகாரிகள். பாதிக்கும் மேல்.

ஆனால் இந்த 15 பேரையும் ஒரே கூடையில் போடக்கூடாது. குரோதா கியோதகா, யமகதா அரிதோமோ, கட்சுரா தாரோ போன்ற முதல் தலைமுறையினர் புதிய ஜப்பானையே கட்டி எழுப்பிய சாமுராய் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாளும் நிர்வாகமும் அவர்களிடம் ஒரே கையில் இருந்தன. யமகதாவை "அரசியலுக்கு வந்த ராணுவ வீரர்" என்பதைவிட, ராணுவத்தையும் அரசாங்கத்தையும் சேர்த்து உருவாக்கியவர் என்பதே சரி.

நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது கூட்டம். 1932 மே முதல் 1945 ஆகஸ்ட் வரை 11 பேர் பிரதமரானார்கள். அதில் 8 பேர் படை அதிகாரிகள். ராணுவத்திலிருந்து நால்வர்: ஹயாஷி, அபே, தோஜோ, கொய்சோ. கடற்படையிலிருந்து நால்வர்: சைதோ, ஒகாதா, யொனாய், சுசுகி. சரிபாதி! "ராணுவம் ஆட்சியைப் பிடித்தது" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே முதல் இடறல். அந்த நான்கு அட்மிரல்களில் பெரும்பாலோர் ராணுவத்தை அடக்கிவைக்கத்தான் பிரதமராக்கப்பட்டார்கள்.

தேரும் முட்டுக்கட்டையும்

கோயில் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சாமி வீற்றிருக்கிறது. வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர். பார்ப்பவர் கண்ணெல்லாம் சாமி மேலும் வடத்தின் மேலும்தான் இருக்கும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, குனிந்தபடி, மரக்கட்டையோடு நடக்கும் சிலரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தால் தேர் திரும்பும். அவர்களால் தேரை இழுக்க முடியாது. ஆனால் அவர்கள் எடுக்காமல் தேர் நகராது.

போருக்கு முந்தைய ஜப்பானில் பேரரசர் மேலே வீற்றிருந்தார். அமைச்சர்களும் கட்சிகளும் அதிகாரிகளும் வடம் பிடித்தார்கள். ராணுவத்தின் கையில் இருந்தது முட்டுக்கட்டை. பிரதமர் பதவியில் யார் இருக்கிறார் என்பதைவிட, முட்டுக்கட்டை யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். அந்தக் கட்டையின் பெயர் "ராணுவ அமைச்சர்".

பிரதமரின் பலவீனம்

பேரரசர் மெய்ஜி காலத்தில், 1889-இல் வெளியான மெய்ஜி அரசியலமைப்பில் "பிரதமர்" என்ற சொல் கிடையாது. "அமைச்சரவை" என்ற சொல்லும் கிடையாது. 55-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வோர் அமைச்சரும் பேரரசருக்கு ஆலோசனை சொல்வார், அதற்கு அவரவரே பொறுப்பு. அதாவது அமைச்சர் பிரதமருக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறார்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, பிடிக்காத அமைச்சரைப் பிரதமரால் பதவிநீக்க முடியாது. கெஞ்சலாம், நெருக்கடி கொடுக்கலாம், அவராக ராஜினாமா செய்தால்தான் உண்டு. இரண்டு, முக்கிய முடிவுகளுக்கு எல்லா அமைச்சர்களும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் பிடிவாதமாக மறுத்தால் "அமைச்சரவைக்குள் ஒற்றுமையில்லை" என்று மொத்த அமைச்சரவையும் விலகுவது வழக்கம்.

நம் ஊர் முதல்வரோ பிரதமரோ ஒரு கடிதத்தில் அமைச்சரை மாற்றிவிடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஜப்பானைப் பார்க்கக்கூடாது. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு முதலாளி, தனித்தனியாகப் பேசும் பொறுப்பாளர்கள்

இன்னொரு விதி இதைவிட ஆழமானது. அரசியலமைப்பின் 11-வது பிரிவு, ராணுவத்தையும் கடற்படையையும் நடத்தும் தலைமை பேரரசருடையது என்றது. இதைத் தலைமைக் கட்டளை உரிமை என்பார்கள், ஜப்பானிய மொழியில் "தோசுய்கென்". போர் நடத்துவது பேரரசரின் நேரடி அதிகாரம், அதில் அமைச்சரவைக்கு இடமில்லை என்பது அதன் பொருள்.

ஒரு பெரிய ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான முதலாளி மேலே உட்கார்ந்திருக்கிறார், அதிகம் பேசமாட்டார். கணக்குப்பிள்ளை அவரிடம் நேராகப் போவார். கிடங்குப் பொறுப்பாளரும் நேராகப் போவார். மேலாளர் என்று ஒருவர் உண்டு, ஆனால் கிடங்கில் என்ன நடக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமையில்லை. கிடங்குக்காரர் "முதலாளி உத்தரவு" என்று சொல்லிவிட்டால் மேலாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலாளி உண்மையில் உத்தரவிட்டாரா, சும்மா தலையாட்டினாரா என்று யாருக்கும் தெரியாது.

ஜப்பானில் கிடங்குக்காரர் இடத்தில் இருந்தது படைத் தலைமையகம். போர்த்திட்டம் வகுத்து, படைகளுக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு அது. 1878-இலேயே ராணுவத்தின் தலைமையகம் அமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கடற்படையின் தலைமையகம் 1893-இல் தனியானது. ராணுவ அமைச்சர் பணம், ஆள், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்ப்பார். தலைமையகத் தலைவர் போரைப் பார்ப்பார். இருவரும் பேரரசரிடம் நேரே போகலாம். இதே ஏற்பாடு கடற்படையிலும். ஆக நான்கு கதவுகள், நான்கும் அரண்மனைக்குள்தான் திறக்கின்றன. பிரதமரின் அறைக்கு ஒன்றுகூட வருவதில்லை.

1930-இல் லண்டனில் கடற்படைக் கப்பல்களுக்கு வரம்பு கட்டும் உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது. கடற்படைத் தலைமையகம் எதிர்த்தும் பிரதமர் ஹமகுச்சி ஒசாச்சி துணிந்து முடிவெடுத்தார். உடனே "தலைமைக் கட்டளை உரிமையில் கைவைத்துவிட்டார்" என்று கூச்சல் எழுந்தது. கப்பல் எத்தனை என்பது பட்ஜெட் விஷயமா, போர்க் கட்டளையா? இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் ஹமகுச்சியைச் சுட்டார்கள். அந்தக் காயத்தோடு போராடி மறு ஆண்டு இறந்தார்.

இதுவரை பார்த்தது: பிரதமரால் அமைச்சரை நீக்க முடியாது. போர் நடத்தும் அதிகாரம் அவர் கைக்கு வருவதே இல்லை. இனி முட்டுக்கட்டைக்கு வருவோம்.

"பணியில் இருப்பவர் மட்டும்" என்ற விதி

1900 மே மாதம், யமகதாவின் இரண்டாவது அமைச்சரவை ஒரு விதியைக் கொண்டுவந்தது. ராணுவ அமைச்சராக, பணியில் இருக்கும் ஜெனரலோ லெப்டினன்ட் ஜெனரலோ மட்டுமே வரலாம். கடற்படை அமைச்சராக, பணியில் இருக்கும் அட்மிரலோ வைஸ் அட்மிரலோ மட்டுமே வரலாம்.

"பணியில் இருக்கும்" என்ற இரண்டு சொற்களில்தான் சூட்சுமம். ஓய்வுபெற்ற ஜெனரல் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல, பிரதமர் கூப்பிட்டால் வந்துவிடலாம். பணியில் இருப்பவரின் இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் ராணுவத்தின் கையில். "போகாதே" என்று மேலே சொன்னால் போக முடியாது. மீறிப் போனால் அவரை ரிசர்வ் பட்டியலுக்கு, அதாவது பணியில் இல்லாதவர்களின் பட்டியலுக்கு, மாற்றிவிடலாம். மாற்றிய கணமே அவர் அமைச்சராக இருக்கும் தகுதியை இழப்பார்.

ராணுவத்தில் யார் அமைச்சர் என்பதை மூன்று பேர் கூடி முடிவு செய்தார்கள்: பதவியில் இருக்கும் ராணுவ அமைச்சர், தலைமையகத் தலைவர், படைப் பயிற்சித் துறைத் தலைவர். இந்த மூவரும் பெயர் கொடுக்கவில்லை என்றால் அமைச்சர் இல்லை. ராணுவ அமைச்சர் இல்லையென்றால் அமைச்சரவை இல்லை.

இதில் இன்னொரு முரண். பணியில் இருக்கும் படைவீரருக்கு ஜப்பானில் வாக்குரிமையே கிடையாது. அரசியலில் தலையிடாதே என்று 1882-இல் பேரரசர் வீரர்களுக்கு விடுத்த ஆணை சொன்னது. அந்த ஆணையை ஒவ்வொரு வீரரும் மனப்பாடம் செய்தார்கள். வாக்குச்சாவடிக் கதவு மூடியிருந்தது, அமைச்சரவைக் கதவின் சாவி மட்டும் அவர்களிடம் இருந்தது.

கட்டை விழுந்த நாட்கள்

1912. ஜப்பான் ஆண்ட கொரியாவில் நிறுத்த இரண்டு புதிய டிவிஷன்கள் (பெரும் படைப்பிரிவுகள்) வேண்டும் என்றது ராணுவம். பணமில்லை என்றது பிரதமர் சையோன்ஜி கின்மோச்சியின் அமைச்சரவை. டிசம்பரில் ராணுவ அமைச்சர் உயெஹரா யூசாகு பிரதமரைத் தாண்டிப் பேரரசரிடமே நேரில் ராஜினாமா கொடுத்தார். அடுத்த ஆளை ராணுவம் தரவில்லை. சையோன்ஜி விலகினார். பிறகு பிரதமராக வந்த ஜெனரல் கட்சுராவுக்கு இதே வைத்தியத்தைக் கடற்படை செய்யப் பார்த்தது. பேரரசரின் ஆணையை வாங்கி அவர் தப்பித்தார், ஆனால் மக்கள் கொதித்தெழுந்து நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். 1913 பிப்ரவரியில் அவரும் போனார்.

அந்தக் கொதிப்பின் பலனாக, அதே 1913-இல் அட்மிரல் யமமோதோ கொன்பெய்யின் அரசு "பணியில் இருக்கும்" என்ற சொல்லை நீக்கியது. ரிசர்வில் இருப்பவரும் அமைச்சராகலாம் என்றானது. ஆனால் அடுத்த 23 ஆண்டுகளில் ஒருவரைக்கூட அப்படி நியமிக்கவில்லை. விதி மாறியது, வழக்கம் மாறவில்லை. 1914-இல் கியோரா கெய்கோ என்பவர் அமைச்சரவை அமைக்க முயன்றபோது கடற்படை ஆள் தர மறுத்தது, அவர் பதவியேற்காமலே திரும்பினார். விலாங்கு மீன் வறுபடும் வாசனை வந்தது, தட்டுக்கு வரவில்லை என்று அவர் சொன்னதால் அதற்கு "விலாங்கு அமைச்சரவை" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே "1900 விதிதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று எழுதுவதும் அரைகுறைதான். அந்த விதி இருந்த பலத்தை இன்னும் இறுக்கியது, அவ்வளவே.

1936 மே மாதம், வெளியுறவுத் துறையிலிருந்து வந்த பிரதமர் ஹிரோதா கோகியின் அரசு பழைய சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தது. சொன்ன காரணம் நல்லதாகவே தெரிந்தது: அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த ராணுவக் கலகத்துக்கு (அதைப் பின்னால் பார்ப்போம்) துணைபோனவர்களாகக் கருதப்பட்டு வெளியேற்றப்பட்ட ஜெனரல்கள், ரிசர்விலிருந்து அமைச்சராகத் திரும்பிவிடக் கூடாது. ராணுவத்தைச் சுத்தம் செய்யும் நடவடிக்கை என்றார்கள். சுத்தம் செய்த கையிலேயே முட்டுக்கட்டையையும் கொடுத்துவிட்டார்கள். எட்டே மாதத்தில் அது விழுந்தது.

உகாகி: ராணுவமே தடுத்த ஜெனரல்

ஒரேயொரு நிகழ்வை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டுமானால் நான் 1937 ஜனவரியைச் சொல்வேன்.

ஜனவரி 21 அன்று நாடாளுமன்றத்தில் ஹமதா குனிமட்சு என்ற மூத்த உறுப்பினர், ராணுவம் அரசியலில் தலையிடுவதைக் கடுமையாகச் சாடினார். படையை அவமதிக்கும் பேச்சு என்று ராணுவ அமைச்சர் தெராவுச்சி ஹிசாய்ச்சி சீறினார். ஹமதா விடவில்லை. அவைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள், நான் அவமதித்திருந்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். அவையைக் கலைக்க வேண்டும் என்று தெராவுச்சி பிடிவாதம் பிடித்தார். இரண்டே நாளில் ஹிரோதா அமைச்சரவை கவிழ்ந்தது. இந்தத் தெராவுச்சிதான் பின்னாளில் மலாயா, பர்மா, சயாம் பகுதிகளில் இருந்த ஜப்பானியப் படைகளுக்கெல்லாம் மேல்தளபதியானவர்.

அடுத்த அரசை அமைக்க அழைக்கப்பட்டவர் உகாகி கசுஷிகே. ராணுவ ஜெனரல், முன்னாள் ராணுவ அமைச்சர். ராணுவத்தை அடக்க ராணுவத்தைத் தெரிந்தவரே சரி என்பது, பிரதமர் பெயரைப் பேரரசருக்குச் சொல்லும் மூத்தோரின் கணக்கு. ஆனால் 1925-இல் அமைச்சராக இருந்தபோது 21 டிவிஷன்களில் நான்கைக் கலைத்தவர் அவர். பதவி போன அதிகாரிகளின் ஆத்திரம் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் ஆறவில்லை.

அழைப்பு வந்த இரவில் தன் கிராமத்து வீட்டிலிருந்து டோக்கியோவுக்குக் காரில் வந்துகொண்டிருந்தார் உகாகி. நகர எல்லையில் உள்ள ரொகுகோ பாலத்தருகே ராணுவக் காவல்படைத் தளபதி காரை மறித்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள் என்றார். உகாகி அசரவில்லை, அரண்மனைக்குப் போய்ப் பொறுப்பை ஏற்றார். பிறகு ராணுவ அமைச்சர் பதவிக்கு ஆள் கேட்டார். மூன்று பெயர்கள் வந்தன, மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். ரிசர்வில் இருந்த தன்னையே பேரரசர் ஆணையால் பணிக்குத் திரும்ப அழைத்து அந்தப் பதவியையும் தானே வைத்துக்கொள்ள வழி கேட்டார். அரண்மனை அதிகாரிகள் பேரரசரை இதில் இழுக்க அஞ்சினார்கள். ஜனவரி 29 அன்று பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

யாரும் கைதாகவில்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. சட்டத்தில் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. ஒரு பதவி காலியாகவே இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

1940 ஜூலையிலும் இதே கதைதான். ஜெர்மனியோடு கூட்டுச் சேர மறுத்த அட்மிரல் யொனாய் மிட்சுமாசாவின் அரசிலிருந்து ராணுவ அமைச்சர் ஹதா ஷுன்ரொகு விலகினார், ராணுவம் மாற்று ஆள் தரவில்லை, யொனாய் போனார். செப்டம்பர் 27 அன்று ஜெர்மனி, இத்தாலியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்படியென்றால் பிரதமரைத் தேர்ந்தெடுத்தது யார்?

தேர்தலில் வென்ற கட்சித் தலைவர் தானாகப் பிரதமராவது ஜப்பானில் சட்டமாக இருந்ததே இல்லை. "கென்ரோ" எனப்படும் மூத்தோர் சிலர் கூடிப் பேசிப் பேரரசருக்கு ஒரு பெயரைச் சொல்வார்கள், பேரரசர் அவரை அழைப்பார். ஆட்சியை உருவாக்கிய தலைமுறையில் எஞ்சிய பெரியவர்களே கென்ரோ. 1924-க்குப் பிறகு அவர்களில் மிஞ்சியவர் ஒருவர் மட்டும். 1912-இல் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டாரே, அதே சையோன்ஜி.

1924 முதல் 1932 வரை கட்சித் தலைவர்களையே பிரதமராக்கும் வழக்கம் நடந்தது. 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாய் ட்சுயோஷியை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் கட்சிக்காரரை நியமித்தால் மறுபடி ரத்தம் சிந்தும் என்று பயந்தார் சையோன்ஜி. படையினர் மதிக்கும் நிதானமான முதியவர் வேண்டும் என்று தேடி, அட்மிரல் சைதோ மகோதோவைப் பரிந்துரைத்தார். அவருக்குப் பின் அட்மிரல் ஒகாதா கெய்சுகே. அட்மிரல்கள் வந்த வழி இதுதான்.

இந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது? 1936 பிப்ரவரி 26 விடியலில் இளம் ராணுவ அதிகாரிகள் சுமார் 1,400 வீரர்களோடு டோக்கியோவின் மையத்தைப் பிடித்தார்கள். முன்னாள் பிரதமர் சைதோவைக் கொன்றார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோவையும், பயிற்சித் துறைத் தலைவர் ஜெனரல் வதனாபேயையும் கொன்றார்கள். அட்மிரல் சுசுகி கன்தாரோ குண்டுகள் பாய்ந்து கிடந்தார். கடைசி வெட்டு வேண்டாம் என்று மனைவி தாகா மன்றாடியதால் உயிர் பிழைத்தார். பிரதமர் ஒகாதா தப்பியது இன்னும் விசித்திரம்: அவர் என்று நினைத்து அவருடைய சகோதரி கணவர் மட்சுஓவைச் சுட்டுவிட்டார்கள். ஒகாதா வேலைக்காரப் பெண்களின் அறை அலமாரிக்குள் ஒளிந்திருந்து, மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களோடு கலந்து வெளியேறினார்.

பட்டியலைக் கவனியுங்கள். தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தாங்களே அட்மிரல்கள், ஜெனரல்கள். நான்கு நாளில் கலகம் அடங்கியது, தலைவர்கள் சுடப்பட்டார்கள். ஆனால் "அடக்காவிட்டால் இப்படித்தான் ஆகும், எங்களிடம் விடுங்கள்" என்று சொல்லும் வாய்ப்பு ராணுவத் தலைமைக்குக் கிடைத்தது. ஹிரோதா அரசு பழைய விதியைத் திருப்பிக் கொடுத்தது இதன் பிறகுதான்.

சுருக்கமாக: பிரதமரை ராணுவம் தேர்ந்தெடுக்கவில்லை. மூத்தோர் தேர்ந்தெடுத்தார்கள், பெரும்பாலும் பயத்தில். ராணுவம் யார் கூடாது என்பதைச் சொன்னது.

ஜெனரல் பிரதமரானால் படை அடங்குமா?

அடங்காது என்பதற்குத் தனாகா கீச்சியைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஜெனரலாக ஓய்வுபெற்று, செய்யூகாய் கட்சியின் தலைவராகி, 1927-இல் பிரதமரானவர். 1928 ஜூன் 4 அன்று, சீனாவின் வடகிழக்கே உள்ள மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாந்துங் படையைச் சேர்ந்த கர்னல் கோமோதோ தைசாகு, சீனத் தளபதி சாங் சோலின் வந்த ரயிலை வெடிவைத்துத் தகர்த்துக் கொன்றார். குற்றவாளிகளைத் தண்டிப்பேன் என்று பேரரசரிடம் சொன்னார் தனாகா. ராணுவம் ஒத்துழைக்க மறுத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் திரும்பி வந்தவரைப் பேரரசர் கடிந்துகொண்டார். 1929 ஜூலையில் பதவி விலகினார், செப்டம்பரில் இறந்தார். ஒரு ஜெனரல், அதுவும் பிரதமர், ஒரு கர்னலைத் தண்டிக்க முடியவில்லை.

தண்டனை இல்லையென்றால் அடுத்தவருக்குத் துணிச்சல் வரும். 1931 செப்டம்பரில் அதே குவாந்துங் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கியபோது, கொரியாவில் இருந்த படைத்தளபதி ஹயாஷி செஞ்சூரோ பேரரசரின் கட்டளை வருமுன்பே எல்லை தாண்டித் தன் படையை அனுப்பினார். சட்டப்படி மிகப் பெரிய குற்றம். அமைச்சரவை என்ன செய்தது? நடந்தது நடந்துவிட்டது என்று செலவுக்குப் பணம் ஒதுக்கியது. பத்திரிகைகள் அவரை "எல்லை தாண்டிய தளபதி" என்று கொண்டாடின. உகாகி திரும்பிப் போன பிறகு, 1937 பிப்ரவரியில் பிரதமரானவர் இவர்தான். சுமார் நான்கு மாதம்தான் தாங்கினார். பட்ஜெட் நிறைவேறியதும் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தினார், கட்சிகளே மறுபடி ஜெயித்தன, விலகினார்.

கொய்சோ குனியாகியின் நிலை இன்னும் பரிதாபம். 1944 ஜூலையில், போர் நடுவில், ஜெனரல் பிரதமராகிறார். ஆனால் ரிசர்வில் இருப்பவர். பணிக்குத் திரும்ப அழைத்து ராணுவ அமைச்சர் பதவியையும் தாருங்கள் என்று கேட்டார், ராணுவம் மறுத்தது. நாட்டின் பிரதமர், அதுவும் ஜெனரல், போர்த் தலைமையகக் கூட்டத்தில் உட்கார வழியில்லாமல் பல மாதம் வெளியே நின்றார்.

தோஜோவின் பல தொப்பிகள்

1941 அக்டோபரில் கொனோயே ஃபுமிமாரோவின் அரசு கவிழ்ந்ததும், ராணுவ அமைச்சராக இருந்த தோஜோவைப் பரிந்துரைத்தவர், பேரரசரின் நெருங்கிய ஆலோசகரான அரண்மனை முத்திரைப் பொறுப்பாளர் கிதோ கோய்ச்சி. போருக்கு நிற்பவரையே பிரதமராக்குவது எதற்கு? பேரரசர் சொன்னால் தட்டாமல் கேட்பவர், ராணுவத்தையும் கட்டுக்குள் வைப்பவர் என்பது கிதோவின் கணக்கு. போர் முடிவை முதலிலிருந்து மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்ற பேரரசரின் விருப்பமும் அவரிடம் சொல்லப்பட்டது. பரிசீலித்தார்கள், முடிவு மாறவில்லை.

முந்தையவர்களின் கதி தோஜோவுக்குத் தெரியும். அதனால் பணியில் இருந்தபடியே பிரதமரானார், ராணுவ அமைச்சர் பதவியையும் கையில் வைத்துக்கொண்டார். முட்டுக்கட்டை இப்போது அவரிடமே. அப்படியும் போர்க் கட்டளை தலைமையகத்திடம், கடற்படை தனியாக. 1944 பிப்ரவரியில் ராணுவத் தலைமையகத் தலைவர் பதவியையும் எடுத்துக்கொண்டார். தலைமைக் கட்டளை உரிமையை மீறுகிறார் என்று ராணுவத்துக்குள்ளேயே முணுமுணுப்பு. கடற்படைக்கு உத்தரவிட அப்போதும் அவரால் முடியாது.

அந்த ஜூலையில், பசிபிக் கடலில் ஜப்பான் வசமிருந்த சைபன் தீவு அமெரிக்கர் கையில் விழுந்தது. அமைச்சரவையை மாற்றியமைத்துப் பிழைக்கலாம் என்று நினைத்த தோஜோ, கிஷி நொபுசுகே என்ற அமைச்சரை விலகச் சொன்னார். கிஷி மறுத்தார். நீக்கும் அதிகாரம் பிரதமருக்கு இல்லை! மூன்று பதவிகளை ஒன்றாகப் பிடித்திருந்தவர், ஒரு சிவில் அமைச்சரின் மறுப்பில் சிக்கி, 18-ஆம் தேதி மொத்த அமைச்சரவையோடு விலகினார். ஹிட்லரை எந்த அமைச்சர் இப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்க முடியும்? அந்தக் கிஷி 1957-இல் தானே பிரதமரானார்.

1945 ஆகஸ்ட்: போடாத கட்டை

1936-இல் குண்டு பாய்ந்து பிழைத்த சுசுகி கன்தாரோ, 1945 ஏப்ரலில் 77 வயதில் பிரதமரானார். ஆகஸ்டில் இரண்டு அணுகுண்டுகள் விழுந்து, சோவியத் படைகளும் இறங்கிய பிறகும், போரை நடத்தும் ஆறுபேர் குழு சரிபாதியாகப் பிளந்து நின்றது. சுசுகி, வெளியுறவு அமைச்சர் தோகோ, கடற்படை அமைச்சர் யொனாய் ஒருபக்கம். ராணுவ அமைச்சர் அனாமி கொரெசிகாவும் இரண்டு தலைமையகத் தலைவர்களும் மறுபக்கம். சுசுகி வழக்கத்தை மீறிப் பேரரசரிடமே முடிவு கேட்டார். போரை நிறுத்தலாம் என்றார் பேரரசர்.

அதோடு முடியவில்லை. சரணடைவதற்கு அமைச்சரவையின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வோர் அமைச்சரும் கையெழுத்திட வேண்டும். அனாமி ராஜினாமா செய்தால் போதும்: ராணுவம் மாற்று ஆள் தராது, அமைச்சரவை கவிழும், போர் தொடரும். அவருக்குக் கீழே இருந்த இளம் அதிகாரிகள் எதிர்பார்த்தது அதைத்தான். 1912 முதல் நான்கு தடவை விழுந்த அதே கட்டை.

அனாமி ராஜினாமா செய்யவில்லை. ஆகஸ்ட் 14 இரவு கையெழுத்திட்டார். 15 விடியற்காலையில் தன் அதிகாரபூர்வ இல்லத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ராணுவ அமைச்சகமும் கடற்படை அமைச்சகமும் கலைக்கப்பட்டன. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் 66-வது பிரிவு, பிரதமரும் மற்ற அமைச்சர்களும் படையினர் அல்லாத குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது. "படையினர் அல்லாதவர்" என்று ஒரே சொல்லில் குறிக்க ஜப்பானிய மொழியில் அதுவரை பொருத்தமான சொல் இல்லை. "புன்மின்" என்ற சொல்லை அந்தப் பிரிவுக்காகவே புதிதாக உருவாக்கினார்கள்.